வறட்சி வரையும் வயல் வரைபடம்

ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய கௌலியில் ஆலன் குடும்பத்துக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. நீராவிக் கலப்பை ஓட்டுவது அவர்களின் பழைய தொழில். வயலின் இரு கரைகளிலும் தலா ஒரு நீராவி எஞ்சினை நிறுத்தி, நடுவே கம்பிவடத்தில் கலப்பையை இங்கும் அங்குமாக இழுத்து உழுவார்கள். குதிரை பூட்டி நாளொன்றுக்கு ஓர் ஏக்கர் உழுதுவந்த நாட்டில், இந்த எஞ்சின்கள் அதைப்போலப் பல மடங்கு நிலத்தை ஆழமாகப் புரட்டிப் போட்டன. அந்தக் குடும்பத்து மகன் மேஜர் ஜார்ஜ் ஆலன் 1930களில் சொந்தமாக ‘புஸ் மாத்’ விமானம் ஒன்றை வைத்திருந்தார். தானே வடிவமைத்த கேமராவுடன் தேம்ஸ் ஆற்றங்கரைச் சரளை நிலங்களின்மேல் பறந்து பறந்து படம் எடுத்தார். விளைந்து நின்ற கோதுமையிலும் பார்லியிலும் அவர் கண்டவற்றில் பல, ஏர்முனை தரையோடு தரையாக்கிவிட்ட பழைய வயல் எல்லைகள்.

உழவு அழித்ததை உழுத நிலத்தின் பயிரே காட்டிக்கொடுக்கும் இந்த விந்தைதான், பிரிட்டனின் பழைய வயல்களைத் தேடும் தொல்லியலின் அடிப்படை. கரையும் வேலியும் மேலே நிற்கும்வரை எல்லை கண்ணுக்குத் தெரியும். அவற்றை உழுது சமப்படுத்திய பிறகு, பள்ளத்தின் அடிப்பகுதி மட்டும் மண்ணுக்குள் தங்கிவிடுகிறது. அதற்குமேல் அதை வெறுங்கண்ணால் காணப் பெரும்பாலும் பயிர்தான் வழி. ஆனால் அந்தப் பயிரை விதைப்பதற்காகவே ஆண்டுதோறும் கலப்பை வருகிறது. மிச்சமிருக்கும் பள்ளத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுகிறது.

வேர் அறிந்த ஈரம்

இங்கிலாந்தின் வயல் எல்லைகள் நம் வரப்புகளைப் போன்றவை அல்ல. பெரும்பாலும் ஒரு பள்ளம் வெட்டி, வெட்டிய மண்ணைப் பக்கத்திலேயே கரையாகக் குவித்து, அதன்மேல் உயிர்வேலி வளர்ப்பார்கள். வயல் கைவிடப்பட்டால், மழையில் கரை கரைந்து பள்ளத்தில் இறங்கும். மேல்மண், இலைதழை, சாணம், வண்டல் எல்லாம் சேர்ந்து பள்ளம் மெல்ல நிரம்பும். சில நூற்றாண்டுகளில் தரை சமமாகிவிடும். ஆனால் பள்ளத்தில் நிரம்பிய மண்ணும் சுற்றியுள்ள அடிமண்ணும் ஒன்றாகிவிடுவதில்லை. சரளையிலோ சுண்ணாம்புப் பாறையிலோ வெட்டிய பள்ளம் நிரம்பிய பிறகும், அந்த இடத்தில் மட்டும் மண் ஆழமாக, சத்தாக, ஈரத்தைப் பிடித்துவைப்பதாக இருக்கும்.

மழை நன்றாகப் பெய்யும் ஆண்டில் இந்த வேறுபாட்டுக்குப் பொருளே இல்லை. எல்லா வேருக்கும் தண்ணீர் கிடைத்துவிடும். மே, ஜூன் மாதங்களில் வானம் பொய்த்தால்தான் கதை மாறும். சரளைமேல் நிற்கும் பயிர் வாடி, குட்டையாகி, முன்னதாகவே மஞ்சளாகும். பழைய பள்ளத்தின்மேல் விழுந்த விதைக்கு வேர் இறங்க இடம் இருக்கிறது. ஒரு மீட்டருக்கும் கீழே போய் ஈரத்தைத் தொட்டுவிடும். அந்தத் தாள்கள் உயரமாக, அடர்ந்து, பச்சை மாறாமல் நிற்கும். மஞ்சள் வயலின் நடுவே பச்சைக் கோடு. பள்ளத்துக்குப் பதிலாக அடியில் கற்சுவர் இருந்தால் எல்லாம் தலைகீழ்: சுவரின்மேல் நிற்கும் பயிர்தான் முதலில் காயும்.

இதைப் பயிர்த்தடம் என்று சொல்லலாம். எல்லாப் பயிரும் இதைச் சரியாகக் காட்டாது. பார்லி மிக நன்றாகக் காட்டும், அடுத்து கோதுமை. புல்வெளி கடும் வறட்சியில் மட்டுமே காட்டும். மண்ணும் ஒத்துழைக்க வேண்டும். நீர் வேகமாக வடியும் சரளை, மணற்பாறை, சுண்ணாம்பு நிலம் என்றால் நல்லது. களிமண் தானே ஈரத்தைப் பிடித்துவைப்பதால் அங்கே தடம் எழுவது அரிது. நீர் பாய்ச்சிய வயலிலும் எழாது. தடம் தெளிவாக நிற்பதோ சில வாரங்கள், சில சமயம் சில நாட்கள். கதிர் முழுதும் பழுத்துவிட்டால் எல்லாம் ஒரே நிறம்.

விமானம் வருவதற்கு முன்பே இதைக் கண்டவர்கள் உண்டு. 1586இல் முதலில் வெளியான ‘பிரிட்டானியா’ நூலில் வில்லியம் கேம்டன், கென்ட் கடற்கரையின் ரிச்பரோவில் பயிர் விளையும்போது பழைய ரோமானிய நகரத்தின் தெருக்கள் தெரிவதைக் குறித்திருக்கிறார். தெரு இருந்த இடத்தில் பயிர் மெலிந்து குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட, ஊரார் அதைப் புனித அகஸ்டினின் சிலுவை என்றார்கள். 1719இல் எஸ்ஸெக்ஸின் கிரேட் செஸ்டர்ஃபோர்டில் வில்லியம் ஸ்டூக்லி ஒரு ரோமானியக் கோயிலின் அடித்தள வடிவத்தைக் கதிர்களிலேயே பார்த்தார். இருவரும் தரையில் நின்று பார்த்ததால், ஒரு கட்டடம், ஒரு தெரு என்ற அளவில்தான் பிடிபட்டது. மைல்கணக்கில் விரியும் வயல்களின் அமைப்பைக் காண மேலே ஏற வேண்டியிருந்தது.

பம்பாயில் பிறந்தவரின் சதுர வயல்கள்

மேலிருந்து பார்த்ததை வரலாறாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஓ.ஜி.எஸ். க்ராஃபோர்டு. 1886இல் பம்பாயில் பிறந்தவர். தந்தை ஆங்கிலேய அரசின் நீதிபதி. பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்த குழந்தையை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். அங்கே அத்தைமார் வளர்த்தார்கள். முதல் உலகப்போரில் விமானத்திலிருந்து எதிரியின் பதுங்குகுழிகளை நோட்டமிடும் வேலை பார்த்தார். 1920இல் அரசு நில அளவைத் துறையின் முதல் தொல்லியல் அதிகாரி ஆனார். அந்தப் பதவியில் அவருடைய முக்கியக் கருவி சைக்கிள்.

1922இல் ஹாம்ப்ஷயரின் ஆய்வாளர் வில்லியம்ஸ்-ஃப்ரீமன் அவரை அழைத்து, விமானப்படை பயிற்சிக்காக எடுத்த சில படங்களைக் காட்டினார். சுண்ணாம்புக் குன்றுகளின் சரிவில் சிறுசிறு கட்டங்களாக வெளிர்நிறக் கோடுகள். க்ராஃபோர்டு அவை வயல்கள் என்று கண்டுகொண்டார். அரை ஏக்கரும் ஓர் ஏக்கருமாகச் சதுரம் சதுரமாகக் கிடந்த அவற்றை, இடைக்காலத்து நீண்ட பட்டை வயல்களோடு ஒப்பிட்டார். இரண்டும் வேறு வேறு உழவு முறை, வேறு வேறு காலம். சதுர வயல்களுக்கு ‘கெல்டிக் வயல்கள்’ என்று பெயரிட்டு 1923இல் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டியில் உரையாற்றினார்.

வடிவத்துக்குக் காரணம் கலப்பை. மண்ணைக் கீறிக்கொண்டு மட்டும் போகும் இலேசான மரக்கலப்பையால் ஒருமுறை நேராக உழுதால் போதாது. குறுக்கு உழவும் வேண்டும். இரு திசையிலும் சமமாக ஓட்ட வசதியானது சதுர வயல். தமிழ்நாட்டு நாட்டுக் கலப்பையும் மண்ணைப் புரட்டாமல் கீறும் வகைதான். மண்ணைப் புரட்டும் கனமான கலப்பை எட்டு மாடுகளைக்கூடப் பூட்டி ஓடியது. அவ்வளவு நீளமான ஏரைத் திருப்புவது பெரும்பாடு. திருப்பங்களைக் குறைக்க வயல் நீண்டது. குறுக்கு உழவு நடந்ததற்கு நேரடிச் சான்றும் பின்னால் கிடைத்தது. ஏவ்பரிக்கு அருகே சவுத் ஸ்ட்ரீட் என்னுமிடத்தில் புதிய கற்கால நீள்மேடு ஒன்றைத் தோண்டியபோது, அதன் அடியில் சுண்ணாம்புத் தரையில் கலப்பை முனை கீறிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன.

மர்மலேட் கம்பெனியின் வாரிசான அலெக்ஸாண்டர் கீலரோடு சேர்ந்து க்ராஃபோர்டு 1924 கோடையில் தென்னிங்கிலாந்தின்மேல் பறந்து படமெடுத்தார். அந்தப் படங்கள் 1928இல் ‘வெஸ்ஸெக்ஸ் ஃப்ரம் தி ஏர்’ என்ற நூலாயின. இதற்கிடையே 1925இல் ஸ்டோன்ஹெஞ்ச் அருகே பறந்த விமானி கில்பர்ட் இன்சால் ஒரு வட்டத்துக்குள் புள்ளி வரிசைகளைப் பார்த்தார். அடுத்த கோடையில் கோதுமை அவற்றைப் பச்சைப் புள்ளிகளாகவே காட்டியது. மாட், பென் கன்னிங்டன் தம்பதி தோண்டினார்கள். ஒவ்வொரு புள்ளியும் மரத்தூண் நட்ட குழி. வுட்ஹெஞ்ச் கிடைத்தது. பயிர் சொன்னதை மண்வெட்டி சரிபார்த்துவிட்டதால், ஐயப்பட்டவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

க்ராஃபோர்டின் காலக்கணிப்பு மட்டும் நிற்கவில்லை. கெல்டுகளுக்கு உரியவை, இரும்புக்காலத்தவை என்று அவர் கருதிய வயல்களில் பல, வெண்கலக்காலத்திலேயே வகுக்கப்பட்டவை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. கெல்டுகளோடு தொடர்பு உறுதியில்லாத இடத்திலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. நெதர்லாந்தின் ட்ரென்ட் மாநிலத்துப் பழைய வயல்களையும் இன்றுவரை அப்படியே அழைக்கிறார்கள். அதே வயல்களை 1660இல் யோஹான் பிகார்ட் என்ற பாதிரியார் பழங்குடிப் படைகளின் பாசறைகள் என்று எழுதியிருந்தார்.

கோட்டுக்கு வயது கிடையாது

படத்தில் கோடு தெரிந்ததும் வயல் கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. முதல் வேலை, எது வயல் இல்லை என்று கழிப்பது. பனிக்காலத்தில் தரை உறைந்து வெடித்த பிளவுகள் பின்னால் மண்ணால் நிரம்பி, இன்று பயிரில் பலகோண வலையாகத் தெரியும். பழக்கமில்லாத கண் அதை வயல்தொகுதி என்றே சொல்லும். 19ஆம் நூற்றாண்டில் நிலத்தடியில் புதைத்த வடிகால் குழாய்கள் மீன்முள் வடிவில் கோடிடும். இரண்டாம் உலகப்போரின் பதுங்குகுழிகளும் தடம் விடும். இருபதாம் நூற்றாண்டில் டிராக்டருக்கு வழிவிட்டுப் பிடுங்கிய உயிர்வேலியின் பள்ளமும் இரண்டாயிரம் ஆண்டுப் பள்ளமும் வானத்திலிருந்து ஒரே மாதிரி இருக்கும்.

இங்கேதான் பழைய வரைபடங்கள் துணைக்கு வருகின்றன. தேவாலயங்களுக்குச் செலுத்திய விளைச்சல் வரியைப் பணமாக மாற்றிய 1836ஆம் ஆண்டுச் சட்டத்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு வயல்வாரியான வரைபடங்கள் தயாராயின. எந்த வயல் யாருக்கு, யார் குத்தகை, என்ன பயிர் என்ற பட்டியலும் உண்டு. அடுத்து நில அளவைத் துறையின் ஆறு அங்குல வரைபடங்கள் வந்தன. தடத்தை இவற்றின்மேல் வைத்துப் பொருத்துவார்கள். பொருந்தினால், அது பாட்டன் காலத்து வேலி. எதிலும் பொருந்தாமல், இன்றைய வயல்களின் போக்கையே சட்டை செய்யாமல் குறுக்கே போகும் கோடுகள்தாம் தொல்லியலாளரை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

அதற்குப் பிறகு தரையில் இறங்க வேண்டும். உழுத வயலில் வரிசையாக நடந்து பானை ஓடுகளைப் பொறுக்கி, கிடைத்த இடத்தைக் குறிப்பது ஒரு வழி. மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி அதன் தடையை அளப்பது இன்னொன்று. ஈரமான பள்ளத்தில் தடை குறையும். காய்ந்த கற்சுவரில் கூடும். இந்த அளவியைத் தொல்லியலுக்கு முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் அட்கின்சன். 1946இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே டார்செஸ்டரில் பயன்படுத்தினார். மேஜர் ஆலன் முன்பு பயிர்த்தடங்களைப் படமெடுத்த அதே தேம்ஸ் சரளை நிலம். 1958இல் மார்ட்டின் ஐட்கன் காந்தமானியைக் கொண்டுவந்து ரோமானியச் சூளைகளைத் தேடினார். மேல்மண்ணின் இரும்புச்சேர்மங்கள் நிறைந்த பள்ளமும் காந்தமானிக்குத் தெரியும்; அது வறட்சிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

காலத்தை உறுதியாகச் சொல்ல இவை எதனாலும் முடியாது. பள்ளத்தை ஓரிடத்தில் வெட்டிப் பார்த்தால்தான் உண்டு. அங்கும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. நல்ல விவசாயி பள்ளத்தைத் தூர் வாருவார். வாரும் ஒவ்வொரு முறையும் அடியில் விழுந்து கிடந்த ஓடும் எலும்பும் வெளியே போய்விடும். அடியில் கிடைக்கும் பானை ஓடு, பள்ளம் வெட்டிய காலத்தைச் சொல்லாது. கடைசியாகத் தூர் வாரிவிட்டு அப்படியே விட்ட காலத்தைத்தான் சொல்லும். சோம்பேறியின் வயல் ஆய்வாளருக்குப் பொக்கிஷம்; உழைப்பாளியின் வயலில் முதல் சில நூற்றாண்டுகள் காணாமல் போயிருக்கும்.

செங்கல் வரிசை வயல்கள்

இந்தச் சிக்கல்கள் எல்லாம் ஒன்றாகக் கூடிய இடம் டான்காஸ்டருக்கும் ரெட்ஃபோர்டுக்கும் இடைப்பட்ட மணற்பாறை நிலம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானப்படையில் பறந்தவர் டெரிக் ரைலி. 1940களிலேயே தொல்லியல் படப்பிடிப்பின் நுட்பம் பற்றி எழுதியவர். 1970களில் தெற்கு யார்க்ஷயரின்மேலும் வடக்கு நாட்டிங்காம்ஷயரின்மேலும் ஒவ்வொரு கோடையும் திரும்பத் திரும்பப் பறந்தார். அவர் எடுத்த படங்களில் மைல்கணக்கில் வயல்கள். 50 முதல் 100 மீட்டர் இடைவெளியில் நீண்ட எல்லைகள் ஏறக்குறைய இணையாக ஓடும். அவற்றுக்கிடையே குறுக்குப் பள்ளங்கள் விட்டுவிட்டு வரும். ஒரு பட்டையின் குறுக்குக்கோடு அடுத்த பட்டையின் குறுக்குக்கோட்டோடு சேராமல் தள்ளித் தள்ளி நிற்கும். கொத்தனார் செங்கலை அடுக்கும் முறை. ரைலி அவற்றைச் செங்கல் கட்டு வயல்கள் என்றே அழைத்தார். 1980இல் அவர் வெளியிட்ட ‘ஏர்லி லேண்ட்ஸ்கேப் ஃப்ரம் தி ஏர்’ நூலுக்கு முன்னால், அந்த வட்டாரத்தில் இவ்வளவு விரிந்த பழைய குடியிருப்பு நிலம் இருந்ததாக யாரும் எண்ணியிருக்கவில்லை.

பட்டைகளின் ஒழுங்கைப் பார்த்தால் யாரோ ஒருவர் அளந்து பிரித்துக் கொடுத்ததுபோல இருக்கிறது. யார்? ரோமானிய நிர்வாகமா? அதற்கு முன்பிருந்த குலத்தலைவரா? ரோமானியர் நிலத்தை அளந்து பிரித்த முறை வேறு. துனிசியாவிலும் வட இத்தாலியிலும் அவர்களுடைய சதுரக் கட்டங்கள், பக்கத்துக்கு ஏறத்தாழ 710 மீட்டர் என்ற அளவில், இன்றும் சாலைகளாகவும் வாய்க்கால்களாகவும் தெரிகின்றன. செங்கல் வரிசையில் அப்படிப்பட்ட நூல்பிடித்த அளவு இல்லை. நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு வளைந்துகொடுக்கிறது. பள்ளங்களில் கிடைத்த பானை ஓடுகள் பெரும்பாலும் ரோமானியக் காலத்தவை. ஆனால் தூர் வாரும் கதை இங்கேயும் உண்டு. வெட்டியது அதற்கு முந்தைய இரும்புக்காலத்தின் கடைசியாக இருக்கலாம். அமில மணலில் எலும்பு கரைந்துவிடுவதால் என்ன கால்நடை வளர்த்தார்கள் என்பதைக்கூட எளிதில் சொல்ல முடியவில்லை. மைல்கணக்கில் பள்ளம் வெட்டிய அந்த மக்கள் விட்டுச்சென்ற பானை ஓடுகள் சொற்பம். நிலம்தான் அவர்களின் ஆவணம்.

காலத்தைக் கணிக்க இன்னொரு தந்திரம் உண்டு: எது எதை வெட்டுகிறது என்று பார்ப்பது. நார்ஃபோக்கின் ஸ்கோல், டிக்கிள்பரோ வட்டாரத்தில் இன்றும் உயிரோடிருக்கும் வேலிகளையும் பழைய வரைபடங்களையும் வைத்து டாம் வில்லியம்சன் 1980களில் ஒரு வாதத்தை முன்வைத்தார். அங்கே ஒரு ரோமானியச் சாலை வயல்களின் போக்கைக் கவனிக்காமல் சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது. 19ஆம் நூற்றாண்டின் ரயில் பாதை வயல்களைத் துண்டாடிச் சென்ற அதே விதம். ஆகவே சாலைக்கு முன்பே வயல்கள் இருந்திருக்க வேண்டும் என்றார் அவர். பிற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். சாலையைத் தாண்டிப் பிற்கால வயல்களும் அதே திசையில் வளர்ந்திருக்கலாம் என்றார்கள். விவாதம் முடியவில்லை.

மந்தை மேய்ப்பவரின் கண்

கோட்டின் காலத்தை அறிவது ஒரு பாடு. அதன் பயனை அறிவது வேறு பாடு. பீட்டர்பரோவின் கிழக்கு ஓரத்தில், சதுப்பு நிலம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது ஃபெங்கேட். 1960களில் பீட்டர்பரோவைப் புதுநகரமாக விரிவாக்கத் திட்டமிட்டபோது, வரலாற்று நினைவுச்சின்னங்களுக்கான அரச ஆணையம் அங்கிருந்த பயிர்த்தடங்களைத் தொகுத்து 1969இல் வெளியிட்டது. தொழிற்பேட்டை எழுவதற்கு முன் 1971இலிருந்து ஃபிரான்சிஸ் ப்ரையர் தோண்டினார். வெண்கலக்கால வயல்கள் வெளிப்பட்டன; அவற்றினூடே இணையான இரட்டைப் பள்ளங்கள் சதுப்பை நோக்கி இறங்கின.

அந்த இரட்டைப் பள்ளங்கள் மந்தை ஓட்டும் தடங்கள் என்று ப்ரையர் கண்டார். கோடையில் சதுப்பின் ஓரப் புல்வெளிக்குக் கால்நடையை இறக்கி, குளிர்காலத்தில் வெள்ளம் ஏறும்போது மேட்டுக்குத் திரும்பக் கொண்டுவரும் வழி. பின்னர் அவரே ஆட்டுப்பண்ணை வைத்தார். ஆடு வளர்த்த பிறகுதான் தன்னுடைய பழைய வரைபடங்கள் தனக்குப் புரிந்தன என்று அவர் எழுதியிருக்கிறார். ஃபெங்கேட் வயல்களின் வாசல்கள் பக்கவாட்டின் நடுவில் இல்லை, மூலையில் இருந்தன. ஏர் ஓட்டுபவருக்கு அது வசதியில்லை. மந்தையை ஓட்டுபவருக்கோ மூலைதான் வேண்டும்; இரு பக்க வேலியும் ஆடுகளை ஒடுக்கி வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஓரிடத்தில் இருந்த குறுகலான தடங்களை, ஆடுகளை ஒவ்வொன்றாக விட்டு இனம் பிரிக்கும் பட்டி என்று அடையாளம் கண்டார். உழவர்களின் வயல் என்று எடுத்துக்கொண்டிருந்த எல்லைகள் மேய்ப்பர்களின் எல்லைகளாயின. எத்தனை ஆயிரம் ஆடுகள் இருந்திருக்கும் என்ற கணக்குவரை அந்த வாசிப்பு போனது.

1982இல் அதற்குப் பக்கத்திலேயே, சதுப்புக்குள் வரிசையாக நடப்பட்ட மரத்தூண்களை ப்ரையர் கண்டுபிடித்தார். ஃப்ளாக் ஃபென் என்று இன்று புகழ்பெற்ற அந்தத் தூண்வரிசை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். ஆனால் அது பயிர்த்தடமாக எழுந்ததல்ல. ஈரம் குறையாத கரிமண்ணுக்கடியில் இருந்த மரத்தை எந்தப் பயிராலும் காட்டியிருக்க முடியாது. ஒரு வடிகால் வெட்டின் கரையில்தான் கண்ணில் பட்டது.

கலப்பை எட்டாத இடங்களில் எல்லைகள் நின்றுகொண்டே இருக்கின்றன. டார்ட்மூர் மேட்டுநிலத்தில் கல்லும் மண்ணும் சேர்ந்த தாழ்வான மேடுகள் குன்று ஏறி ஆறு தாண்டி கிலோமீட்டர்கணக்கில் ஓடுகின்றன. 1970களில் ஆண்ட்ரூ ஃப்ளெமிங் அவற்றை நடந்து நடந்து அளந்து, வெண்கலக்காலத்தில் ஒரே திட்டத்தோடு பிரித்த நிலம் என்று காட்டினார். அயர்லாந்தின் மேயோ கடற்கரையில் கதை இன்னும் எளிமையானது. 1930களில் பேட்ரிக் கால்ஃபீல்டு என்ற பள்ளி ஆசிரியர், அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டும்போது அதற்கடியில் கற்கள் வரிசையாகக் கிடப்பதைக் கவனித்தார். அவருடைய மகன் ஷேமஸ் தொல்லியல் படித்துவிட்டு வந்து, இரும்புக் கம்பியைக் கரிமண்ணில் குத்திக் குத்தி, கல் தட்டும் இடத்தில் மூங்கில் நட்டார். மூங்கில் வரிசையைப் பார்த்தாலே கீழே ஓடும் சுவர் தெரிந்தது. தோண்டாமல், பறக்காமல், நூற்றுக்கணக்கான ஏக்கருக்கு விரிந்த வயல்தொகுதியின் வரைபடம் இப்படித்தான் உருவானது. அது புதிய கற்காலத்தது என்று கால்ஃபீல்டு சொன்னார். சிலர் பிற்காலத்தது என்கிறார்கள்.

காக்கும்போது மறைவது

மேற்சொன்ன இடங்களெல்லாம் விதிவிலக்கு. தென்னிங்கிலாந்தின் பெரும்பகுதியை இருபதாம் நூற்றாண்டு உழுதுவிட்டது. இரண்டாம் உலகப்போரில் உணவு இறக்குமதிக்கு ஆபத்து வந்தபோது, சுமார் 60 லட்சம் ஏக்கர் புல்வெளி உழவுக்கு வந்தது. க்ராஃபோர்டு மேடுகளாகவே படமெடுத்த வயல் எல்லைகளில் பல அந்த ஆண்டுகளிலும் அதற்குப் பிந்தைய ஆழ உழவிலும் தரைமட்டமாயின. அதே ஆண்டுகளில்தான் பயிர்த்தடங்கள் பெருகின. கேம்பிரிட்ஜில் ஜே.கே. செயின்ட் ஜோசப் என்ற நிலவியலாளர் 1945முதல் பறக்கத் தொடங்கினார். அவர் கட்டியெழுப்பிய பல்கலைக்கழகத் தொகுப்பில் பின்னாளில் ஏறத்தாழ ஐந்து லட்சம் படங்கள் சேர்ந்தன. 1949, 1976, 2018 போன்ற வறண்ட கோடைகள் அவருக்கும் அவருக்குப் பின்வந்தவர்களுக்கும் அறுவடைக் காலங்கள். 2018 ஜூலையில் அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் அருகே, ட்ரோன் பறக்கவிட்ட இருவர் இதுவரை யாரும் காணாத பெரிய வட்ட அமைப்பைப் பயிரில் கண்டார்கள். டெவனின் பிக்டனில் ஒரு ரோமானியக் காலப் பண்ணை அதே கோடையில் வெளிப்பட்டது.

தடம் நன்றாக எழும் சரளை நிலத்துக்கு இன்னொரு எதிரியும் உண்டு. கான்கிரீட்டுக்குச் சரளை வேண்டும். போருக்குப் பிந்தைய கட்டுமானத்தில் ஆற்றங்கரைச் சரளைக் குழிகள் வேகமாகப் பெருக, 1960இல் அரச ஆணையம் ‘எ மேட்டர் ஆஃப் டைம்’ என்ற அறிக்கையில் பயிர்த்தடங்களின் பட்டியலோடு எச்சரித்தது. 1990இல் வந்த திட்ட வழிகாட்டுதல், கட்டடமோ குவாரியோ வருமுன் ஆய்வுச் செலவை அவற்றைத் தொடங்கும் நிறுவனமே ஏற்க வழிசெய்தது. பின்னர் தேசிய வரைபடத் திட்டத்தில், காப்பகங்களில் குவிந்திருந்த படங்களை எடுத்து, ஒவ்வொரு தடத்தையும் ஒரே முறையில் வரைந்து சேர்த்தார்கள். இங்கிலாந்தின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பு இப்படி வரையப்பட்டுவிட்டது.

உழவிலிருந்து காப்பாற்ற இப்போது அரசு விவசாயிகளுக்கு மானியம் கொடுக்கிறது. பழைய எல்லைகள் உள்ள வயலில் ஏர் ஓட்டாமல் நிரந்தரப் புல்வெளியாக விட்டால் ஹெக்டேர் கணக்கில் பணம். பள்ளம் தப்பிக்கிறது, ஆனால் பார்லி போய்ப் புல் வந்ததும், கடும் வறட்சி ஆண்டுகள் தவிர, தடம் எழுவது நின்றுவிடுகிறது. அப்படிக் காத்துவைத்த வயலில் அடியில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கண்காணிக்க வேண்டியவர்கள், விமானத்தை விட்டுவிட்டுக் காந்தமானியோடு புல்வெளியில் வரிசையாக நடக்கிறார்கள். பக்கத்து வயலில் உழவு நடக்கிறது. அடுத்த வறண்ட கோடையில் விமானம் படம் எடுக்கப்போவது அந்த வயலைத்தான்.